பங்கீட்டு வலுப் பிணைப்பைக் கற்பித்தல்: செயல்வழிக் கல்வி பற்றிய சில கருத்துக்கள்

கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளினுள்ளே இருப்பது யாது? இரசாயனவியலை உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவரிடம் நாம் பலமுறை இவ்வினாவை எழுப்பியதுண்டு. நீர் மூலக்கூறின் புள்ளி புள்ளடி வரிப்படத்தை ஒரு பிழையுமின்றி வரையவல்ல மாணவரும், சிறிது தயங்கியபின், “ஐதரசனும் ஒட்சிசனும்” என்று விடையிறுப்பதை நாம் கண்டோம். வரிப்படத்துக்குப் பரீட்சையில் முழுப்புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அவ்வரிப்படம் குறித்து நிற்கும் பொருள் அவர்தம் சிந்தையைத் தொடவில்லை. அடுப்பின் வெப்பத்தால் நீர் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றனவேயன்றி, மூலக்கூறு உடைவதில்லை. ஒரு மூல் நீரை அதன் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோயூல் போதும். அதே அளவு நீராவியின் மூலக்கூறுகளைத் தனியணுக்களாகச் சிதைப்பதற்கோ ஏறத்தாழ 927 கிலோயூல் வேண்டும். பங்கீட்டு வலுப் பிணைப்பு எத்துணை வலிமை வாய்ந்தது, மூலக்கூற்றிடை விசை எத்துணை மென்மையானது என்னும் வேறுபாட்டினை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன. இவ்வேறுபாட்டை உணராத மாணவர் சேதன இரசாயனத்தையோ உயிரிரசாயனத்தையோ மனனஞ் செய்யலாம்; விளங்கிக்கொள்ள இயலாது.

இக்குறை மாணவருடையதன்று, கற்பிக்கும் முறையினுடையது. கண்ணாற் காணவியலாத ஒன்றைச் சொல்லாலும் கோட்டாலும் மாத்திரம் உணர்த்த முற்படுகின்றோம். கைகளுக்கும் இப்பாடத்தில் இடமுண்டு என்பதும், அதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் இன்றியமையாததன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். எனினும் கைவேலை தானாகவே அறிவாகிவிடாது. ஒவ்வொரு செய்கையும் எதனை உணர்த்துகின்றது, எவ்விடத்தில் உணர்த்தத் தவறுகின்றது என்பதையும் ஈண்டு சேர்த்தே நோக்குவாம்.

வரலாறு தரும் பாடம்

மாதிரியுருக்களைக் கையிலெடுத்துச் சிந்திப்பது சிறுபிள்ளைகளுக்குரிய செயல் எனக் கருதுவோர் உளர். இரசாயனவியலின் வரலாறு இதனை மறுக்கின்றது. 1865 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் நிறுவனத்தில் விரிவுரையாற்றிய ஓகஸ்ற் வில்ஹெல்ம் ஹொவ்மன், குரோக்கே விளையாட்டுக்குரிய மரப்பந்துகளைக் குச்சிகளால் இணைத்து மூலக்கூறுகளைச் சபையோருக்குக் காட்டினார். காபனுக்குக் கறுப்பு, ஐதரசனுக்கு வெள்ளை, ஒட்சிசனுக்குச் சிவப்பு, நைதரசனுக்கு நீலம், குளோரீனுக்குப் பச்சை என அவர் கொண்ட நிறங்கள் இன்றும் மாதிரியுருப் பெட்டிகளில் வாழ்கின்றன. ஆயினும் அவருடைய மெதேன் தட்டையானது. நான்கு ஐதரசன்களும் ஒரே தளத்திற் கிடந்தன. 1874 ஆம் ஆண்டில், 22 வயதே நிரம்பிய ஒல்லாந்தரான வான்ற் ஹொவ், காபனின் நான்கு பிணைப்புக்களும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்குகின்றன எனக் கூறினார். பிரான்சியரான லெ பெல் தனித்து ஆராய்ந்து அதே ஆண்டில் இதனையொத்த முடிவுக்கு வந்தார். வான்ற் ஹொவ் தமது கருத்தை விளக்குதற்குக் கடதாசி மட்டையால் நான்முகிகளைச் செய்து அறிஞர் சிலருக்கு அனுப்பியும் வைத்தார். அக்காலப் பேரறிஞரொருவராகிய கொல்பே இதனைக் கற்பனைக் கூத்தென எள்ளி நகையாடினார். ஆனால் 1901 இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு, வேறு ஆய்வுகளுக்காகவேனும், வான்ற் ஹொவ்வையே சென்றடைந்தது.

பிணைப்பு என்பது இரு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பொதுவாகக் கொண்டிருத்தலே என்னும் கருத்தை 1916 இல் அமெரிக்கரான கில்பேட் லூயிஸ் வெளியிட்டார். அவரும் அணுக்களைக் கனவுருக்களாக வரைந்து, அவற்றின் மூலைகளில் இலத்திரன்களை இருத்தியே சிந்தித்தார். 1919 இல் இர்விங் லங்மியூர் இப்பிணைப்புக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை ஆக்கினார். 1927 இல் ஹைற்லரும் லண்டனும் ஐதரசன் மூலக்கூறினைச் சத்திச்சொட்டுக் கொள்கையின் அடிப்படையில் விளக்கினர். மாதிரியுருவிலிருந்து கொள்கைக்குச் செல்லும் இவ்வழியே வகுப்பறைக்கும் பொருந்துவதாகும்.

சொல்லில் உள்ள இடர்

தமிழ்மூலங் கற்பிக்கும் எமக்கு இன்னுமொரு பொறுப்பு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் கிறீன் 1875 ஆம் ஆண்டிலேயே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். ஆகவே இத்துறையிலே தமிழ் நேற்றுப் புகுந்த மொழியன்று. எனினும் கலைச்சொல் ஒன்று வந்தமைந்தவுடன் கருத்தும் வந்துவிட்டதாக எண்ணுதல் தவறு.

‘பங்கீடு’ என்னுஞ் சொல்லைக் கேட்கும் எம்மவர் மனத்தில் எழுவது யாது? பங்கீட்டு அட்டையும், அளந்து கொடுக்கப்படும் அரிசியும், கூறிடப்பட்ட காணியுமே. பங்கிடுதல் என்பது வழக்கிலே பிரித்துக் கொடுத்தலாகும். பிணைப்பில் நிகழ்வதோ இதற்கு மறுதலையானது. அங்கு எதுவும் பிரிக்கப்படுவதில்லை. ஒரு சோடி இலத்திரன் இரு கருக்களுக்கும் ஒருங்கே உரியதாகின்றது. “ஆளுக்கோர் இலத்திரன் கிடைக்கும்” என்று மாணவர் சிலர் எழுதும் விடைக்குக் காரணம் அவர்தம் மந்த புத்தியன்று. அச்சொல் தரும் பொருளே.

இவ்விடத்தில் எமது வாழ்விலிருந்தே ஓர் உவமையைக் காட்டலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பங்குக் கிணறு என்பதை அறியாதார் இலர். உறுதியிலே கால் பங்கு, அரைப் பங்கு என்று எழுதப்பட்டிருப்பினும் கிணற்றை எவரும் நடுவே சுவரெழுப்பிப் பிரிப்பதில்லை. இரு வளவுகளும் ஒரே நீரை உண்கின்றன; அந்நீரின் பொருட்டே அவை ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. கிணறு ஒரு வளவின் பக்கமாக நெருங்கி அமைந்திருக்குமாயின், முனைவுத் தன்மையை விளக்குதற்கும் அது உதவும். ஆனால் உவமை நிற்கும் எல்லையையும் உடனே கூறுதல் வேண்டும். கிணற்றுப் பங்காளர் உடன்பாட்டினால் இணைந்தவர்; அணுக்களுக்கு உடன்பாடும் இல்லை, விருப்பும் இல்லை. மறையேற்றமுடைய இலத்திரன்கள் நேரேற்றமுடைய இரு கருக்களாலும் கவரப்படுகின்றன. அதனாற் சக்தி குறைகின்றது. பிணைப்பின் காரணம் அதுவே.

முதலாவது செய்கை: வித்துக்களும் வட்டங்களும்

மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, பெரிய தாளொன்றில் ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்களை வரைவர். ஒருவர் கையிற் புளியங்கொட்டை. மற்றவர் கையிற் பயறு. ஒவ்வொருவரும் தம் அணுவின் வலுவளவு ஓட்டிலுள்ள இலத்திரன்களின் தொகைக்கேற்ப வித்துக்களை எண்ணி வைப்பர். இரு வட்டங்களும் வெட்டும் இடத்தில் வைக்கப்படும் வித்து இருவருடைய கணக்கிலும் சேரும். குளோரீன் மூலக்கூறில் ஒரு சோடி நடுவே வர, ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் எட்டு நிறைகின்றது. ஒட்சிசனில் இரு சோடிகளும் நைதரசனில் மூன்று சோடிகளும் நடுவே வந்தாலன்றி எட்டு நிறைவதில்லை என்பதை மாணவர் தாமே கண்டு கூறுவர். இரட்டைப் பிணைப்பும் மும்மைப் பிணைப்பும் இங்ஙனம் வரைவிலக்கணமாக அன்றித் தேவையாகத் தோன்றுகின்றன.

இதன்பின் ஆசிரியர் செய்யவேண்டிய முக்கியமான காரியம் ஒன்றுண்டு. பயறு அனைத்தையும் அகற்றி, அவ்விடங்களிலும் புளியங்கொட்டைகளையே வைக்கச் செய்தல் வேண்டும். “இப்பொழுது எந்த இலத்திரன் எந்த அணுவிலிருந்து வந்தது?” என்று வினவினால் எவராலும் விடையிறுக்க முடியாது. இலத்திரன்களுக்குப் பிறந்தவூர் அடையாளம் இல்லை என்பது அதனாற் புலப்படும். புள்ளியும் புள்ளடியும் எமது கணக்கின் வசதிக்காக ஏற்பட்டவையே.

அடுத்து, நைதரசனோரொட்சைட்டினை ஆக்குமாறு பணிக்கலாம். 5 உம் 6 உம் சேர 11 வித்துக்கள். எவ்வாறு அடுக்கினும் ஒன்று தனித்தே நிற்கும். போரன் முப்புளோரைட்டில் போரனைச் சுற்றி ஆறே இருக்கும். கந்தக அறுபுளோரைட்டில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வந்துவிடும். எட்டு என்பது பயன்மிக்கதோர் ஒழுங்கேயன்றி இயற்கையின் கட்டளையன்று என்னும் உண்மை அப்பொழுது விளங்கும். “விழுமிய வாயுவைப் போலாக அணு விரும்புகின்றது” என்று நாம் வகுப்பிற் கூறும் வாக்கியம் எத்துணை ஏமாற்றுவது என்பதும் தெளிவாகும். எட்டை அடைதற்காகச் சோடியம் தன் இலத்திரனை மகிழ்ந்து கொடுப்பதில்லை. ஒரு மூல் சோடிய அணுக்களிலிருந்து அவ்விலத்திரன்களைப் பறிக்க ஏறத்தாழ 496 கிலோயூல் செலவிடல் வேண்டும்.

இரண்டாவது செய்கை: களிமண்ணும் ஈர்க்கும்

தென்னீர்க்குத் துண்டுகளும் களிமண் உருண்டைகளும் எந்தக் கிராமத்திலும் கிடைப்பன. இருகுளோரோமெதேனை ஆக்குமாறு மாணவருக்குப் பணிப்போம். காபன் ஒன்று, ஐதரசன் இரண்டு, குளோரீன் இரண்டு. முதலில், நான்கு ஈர்க்குகளும் ஒரே தளத்திற் சதுரமாக அமையவேண்டும் என நிபந்தனை விதிப்போம். சிலர் இரு குளோரீன்களையும் அடுத்தடுத்து வைப்பர். சிலர் எதிரெதிரே வைப்பர். இரண்டும் ஒன்றல்ல; எவ்வாறு திருப்பினும் ஒன்று மற்றதன்மேற் பொருந்தாது. ஆகவே சேர்வை தட்டையாயின் இருகுளோரோமெதேன் என்னும் பெயரில் இரு வேறு பொருள்கள் இருத்தல் வேண்டும். ஆனால் இரசாயனவியலார் கண்டது ஒன்றே ஒன்று.

பின்னர் நிபந்தனையை நீக்கி, நான்கு ஈர்க்குகளும் ஒன்றையொன்று இயன்றவரை விலகி நிற்குமாறு அமைக்கச் சொல்வோம். நான்முகி பிறக்கின்றது. எவர் எவ்வாறு குத்தியிருப்பினும், திருப்பிப் பார்த்தால் எல்லா உருக்களும் ஒன்றே. வகுப்பறையின் நாற்பது கைகளில் நாற்பது ஒரேமாதிரியான மூலக்கூறுகள்! நூலிலே எழுதப்பட்டிருப்பதனால் அன்று, வேறு வழியில்லாமையால் மெதேன் நான்முகியாயிற்று என்பதை மாணவர் உணரும் கணம் அது. இதனை நாம் பாடத்தின் உச்சமாகக் கருதுகின்றோம். பின்பு நான்கு உருண்டைகளுக்கும் நான்கு நிறந் தீட்டி, ஒரு முகக்கண்ணாடியின் முன் பிடித்தால், கண்ணாடியில் தோன்றும் உருவைக் கையிலுள்ள உருவின்மேற் பொருத்தவியலாது என்பதும் புலனாகும். ஒளியியற் சமபகுதியத்தின் வாயில் அங்கே திறக்கின்றது.

ஈர்க்குகள் விலகி நிற்பதேன் என்னும் வினாவுக்குப் பலூன்கள் விடை தரும். ஒரே அளவாக ஊதிய இரண்டு பலூன்களை முடிச்சிடத்திற் கட்டினால் அவை நேர்கோட்டில் நிற்கும், மூன்று முக்கோணமாகும், நான்கு தாமாகவே நான்முகியாகும். இலத்திரன் சோடிகளின் தள்ளுகையால் மூலக்கூறின் வடிவம் அமைகின்றது என்னும் கருத்தை 1957 இல் கில்லெஸ்பியும் நைஹோமும் விரித்துரைத்தனர். நான்கினுள் ஒன்றைச் சற்றுப் பெரிதாக ஊதி, அதனைத் தனிச்சோடி எனக் கொண்டால், ஏனைய மூன்றும் ஒடுங்குவதைக் கண்ணாற் காணலாம். மெதேனில் 109.5 பாகையாக உள்ள கோணம், ஒரு தனிச்சோடியுடைய அமோனியாவில் ஏறத்தாழ 107 ஆகவும், இரண்டு தனிச்சோடிகளையுடைய நீரில் 104.5 ஆகவும் குறைகின்றது. இரப்பரின் நெருக்குதல் வேறு, இலத்திரன்களின் தள்ளுகை வேறு என்பதையும் ஆசிரியர் கூறாதுவிடலாகாது.

மூன்றாவது செய்கை: சக்திக் கணக்கு

பிணைப்பினுள்ளே சக்தி அடைபட்டிருக்கின்றது, அதனை முறித்தாற் சக்தி வெளிப்படும் என்பது மாணவரிடையே மாத்திரமன்றிப் படித்தோரிடையேயும் பரந்து காணப்படும் மயக்கம். ஈர்க்குக் குச்சியால் ஆன மாதிரியுரு இம்மயக்கத்தைப் போக்குவதில்லை. குச்சியை முறித்தால் ‘படார்’ என ஒலி எழுவது அதனை வளர்த்தும்விடலாம். எனவே முதலில் இரு காந்தத் துண்டுகளை மாணவர் கையிற் கொடுப்போம். ஒட்டும்போது அவை தாமாகப் பாய்ந்து ஒட்டுகின்றன. பிரிப்பதற்கே கை வலிக்கின்றது.

இதன்பின் கடதாசித் துண்டுகளாற் கணக்குப் பார்க்கலாம். ஐதரசனும் குளோரீனும் சேர்ந்து ஐதரசன் குளோரைட்டு உண்டாகும் தாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மூல் ஐதரசனின் பிணைப்பை முறிக்க 436 கிலோயூல், குளோரீனின் பிணைப்பை முறிக்க 242 கிலோயூல். ஆகச் செலவு 678. ஐதரசன்–குளோரீன் பிணைப்பு ஒரு மூல் உண்டாகையில் 431 வரவாகும். இரண்டு மூல்களுக்கு 862. மீதி 184 கிலோயூல் வெப்பமாக வெளிவருகின்றது. முறித்தற்குச் செலவு, ஆக்கத்துக்கு வரவு என்னும் விதியைத் தாளை நீட்டியும் வாங்கியும் அனுபவித்தவர் எளிதில் மறவார். இவ்வாயுக்களின் கலவை இருளில் அமைதியாகக் கிடந்து, ஒளி பட்டவுடன் வெடிப்பதேன் என்பதும் அப்பொழுது விளங்கும்: முதற் செலவைச் செய்ய ஒருவர் வேண்டும், குளோரீனின் பிணைப்பை முறிக்கும் அச்செலவை ஒளி செய்கின்றது.

நான்காவது செய்கை: சமையலறைப் பொருள்கள்

உப்பு, சீனி, மெழுகுதிரி, கடற்கரை வெண்மணல், பென்சில் ஆகிய ஐந்தையும் மேசைமேல் வைப்போம். நான்கு உலர்மின்கலங்கள், ஒரு சிவப்பு ஒளியுமிழ் இருவாயி, அதனைக் காத்தற்கு 330 ஓம் தடையொன்று, இரு கம்பிகள் என்பவற்றைத் தொடராக இணைத்தாற் சோதனைக் கருவி ஆயத்தம். உலர்ந்த உப்பு மின்னைக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். சீனிநீர் கடத்தாது. மெழுகு உருகியபின்னும் கடத்தாது. இதுவரை நூல் கூறியவாறே நிகழ்கின்றது.

மணலும் பென்சிலும் வரும்போதுதான் சிந்தனை தொடங்குகின்றது. “பங்கீட்டு வலுச் சேர்வைகள் தாழ்ந்த உருகுநிலை உடையவை” என்னும் மனனப் பாடத்தின்படி, மெழுகு ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகுவது போல மணலும் எளிதில் உருகவேண்டும். மணலிலுள்ள சிலிக்கனீரொட்சைட்டோ ஏறத்தாழ 1700 பாகை வரை உருகாது. 801 பாகையில் உருகும் உப்பையும் அது விஞ்சிநிற்கின்றது. மெழுகு உருகும்போது எந்தப் பங்கீட்டு வலுப் பிணைப்பும் முறிவதில்லை. மூலக்கூறுகளுக்கிடையேயுள்ள மென்விசைகளே தளர்கின்றன. மணலிலோ தனித்த மூலக்கூறு என ஒன்றில்லை. முழுப் பரலும் பிணைப்புக்களாலான ஒரே சாலகம். கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கொதிநீர் வினாவுக்கு மாணவர் தாமே திரும்பிச் சென்று, தம் விடையைத் திருத்தும் இடம் இதுவாகும்.

பென்சிலின் கரி மின்னைக் கடத்துவது இன்னுமொரு வியப்பு. போகலவிலும் கஹட்டகஹவிலும் அகழப்படும் காரீயம் எம் நாட்டின் புகழ்பெற்ற கனியம். அதன் படைகளினுள்ளே காபன் அணுக்கள் 142 பிக்கோமீற்றர் இடைவெளியில் இறுகப் பிணைந்துள்ளன. படைகளுக்கிடையேயுள்ள தூரமோ 335 பிக்கோமீற்றர். ஆகவே அது தாளில் வழுக்கி எழுதுகின்றது. ஒவ்வொரு காபனிலும் எஞ்சும் ஓர் இலத்திரன் படை முழுவதற்கும் பொதுவாவதால் மின்னும் பாய்கின்றது.

ஓர் எச்சரிக்கை

செய்கை கண்ணைக் கவர்ந்துவிட்டால் விளக்கமும் சரியாகிவிடும் என்பதில்லை. தேய்த்த பிளாத்திக்குக் கோலை மெல்லிய நீர்த்தாரையின் அருகே பிடித்தால் தாரை வளைவது பலரும் அறிந்த காட்சி. நீர் மூலக்கூறுகள் முனைவுடையன, ஆகவே திரும்பி நின்று கவரப்படுகின்றன என்று பல நூல்கள் கூறிவந்துள்ளன. ஆயினும் அம்மூலக்கூறுகளின் மீது தொழிற்படும் அவ்விசை, காணப்படும் வளைவுக்குப் போதாது. கோலின் தூண்டலினால் தாரையும் துளிகளும் ஏற்றம் பெறுதலே பெரிதும் காரணமென இன்று விளக்கப்படுகின்றது. எனவே நீர்த்தாரை வளைவதை முனைவுத் தன்மைக்கு நேரடிச் சான்றாகக் காட்டுவதை நாம் தவிர்க்கின்றோம். பிழையான விளக்கத்தோடு கூடிய அழகிய செய்கையைவிட, சரியான விளக்கத்தோடு கூடிய எளிய செய்கை மேலானது.

முடிவுரை

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலைக் கதவை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது. ஆனால் உள்ளே சென்றபின் ஒரு பிள்ளைக்கு ஆய்வுகூடமும் மாதிரியுருப் பெட்டியும், மற்றொரு பிள்ளைக்குக் கரும்பலகையும் குறிப்புக் கொப்பியும் என்ற நிலை நீடிக்குமாயின், அக்கதவு பாதியே திறந்ததாகும். குறிப்பை மனனஞ் செய்தவர் பரீட்சையில் வெல்லக்கூடும். ஆனால் அறிவியல் அவருக்கு மற்றுமொரு வேதபாடமாகவே இருந்துவிடும். ஒரு கூற்றை ஏன் ஏற்கவேண்டும் என்று கேட்கும் பழக்கத்தை அவர் எங்கே பெறுவார்?

புளியங்கொட்டையும் ஈர்க்கும் ஆய்வுகூடத்துக்கு ஈடாகா. அவற்றைக் காட்டி, வசதியற்ற பாடசாலைகளுக்கு இவையே போதும் என எவரும் கூறுவாராயின் அதனை நாம் வன்மையாக மறுப்போம். ஆய்வுகூடத்தைக் கேட்பது உரிமை. அது வரும்வரை காத்திராது சிந்தனையைத் தொடங்குவது கடமை. களிமண் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது ஒன்றேதான், இரண்டல்ல” என்று தானே முடிவுசெய்யும் மாணவியும், அறிஞர் சபையின் ஏளனத்துக்கு மத்தியில் மட்டை நான்முகிகளை ஒட்டிக்கொண்டிருந்த அவ்விளைஞரும் செய்தது ஒரே தொழிலே. அத்தொழிலை எல்லாப் பிள்ளைகளின் கைகளிலும் கொடுப்பதே ஆசிரியப் பணி என நாம் கருதுகின்றோம்.